மழை அளக்காத நாட்கள்

செப்டம்பர் 9

பாப்பாவுக்கு இன்னும் மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை. மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன், இல்லை.

எங்கள் மழைக் கணக்கு இணையதளத்தைப் புது இடத்துக்கு மாற்றி முடித்தேன். பழையது போனில் திறக்கவே மாட்டேன் என்று ஒரு மாதமாகப் படுத்தியது. மலையில் பதினான்கு பேர், ஏழு வருடம், தினமும் காலை எட்டரைக்கு அவரவர் வாசலில் அளந்து அனுப்பிய மழை. எல்லாம் ஒரே பட்டியலாக ஏறிவிட்டது. பழைய தளத்தை நிரந்தரமாக நீக்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். பாப்பா தும்மினாள், ஓடிவிட்டேன்.

வெள்ளக்கடை, நம் வாசல்: 6 மி.மீ.

செப்டம்பர் 12

நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நீலத்தில் வரைபடம், போனில் சட்டென்று திறக்கிறது. அப்புறம் ஏன் எனக்கு ஒரு மாதிரியாகவே இருக்கிறது? எனக்கு எப்போது ஒரு மாதிரி இல்லாமல் இருந்தது.

செப்டம்பர் 15

ஜீப் ஓட்டும் சின்னராஜ் அண்ணன் எங்கள் பதினான்கு பேர் வாட்ஸப் குரூப்பில் போட்டது:

“ஏனுங்க மலரு, மச்சினன் கல்யாணத்துக்கு நான் திருப்பூர் போன வாரம் பூரா நம்ம மேட்டுல சொட்டுகூட உழுவலைன்னு உங்க தளம் சொல்லுது. நான் மலைய உட்டு எறங்குனா மழையும் ஜீப்புல ஏறிக்குமாட்ட இருக்குது!”

எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். பிறகுதான் அந்த வாரத்தைத் திறந்து பார்த்தேன்.

அவர் ஊரில் இல்லாத வாரம் கட்டம் காலியாக இருந்தது. எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது அங்கே 0. பட்டியலில் கீழே இறங்கிப் பார்த்தேன். காலிக் கட்டம் ஒன்றுகூட இல்லை. மாற்றும்போது வெற்றிடம் எல்லாவற்றையும் 0 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அளக்காத நாள் எல்லாம் மழை பெய்யாத நாள் ஆகிவிட்டது. இருபதாயிரத்துக்கு மேல் சைபர். எது நிஜம், எது யாரும் பார்க்காதது? பிரிக்கவே முடியாது. பழையது போச்சு. பழைய போனும் போச்சு, அதில் அவரவர் அனுப்பிய மழை மெசேஜும் போச்சு. நான்தான் ஆம் என்றேன்.

யாருக்கும் சொல்லவில்லை.

செப்டம்பர் 18

சேலத்திலிருந்து சுதாராணி என்று ஒரு கல்லூரிப் பெண் எழுதியிருக்கிறாள். கடைசி வருடம், ப்ராஜெக்டுக்கு நம் ஏழு வருட மழை முழுதும் வேண்டுமாம், மாதக் கடைசிக்குள். “ஒரு நாள் விடாம வச்சிருக்கீங்களேக்கா, ஆச்சரியமா இருக்கு.”

ஒரு நாள் விடாமல்!

அப்படியே அனுப்பிவிட்டால் என்ன? யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் — இதை எழுதுவது நான்தானா?

செப்டம்பர் 19

பாப்பாவுக்கு 99. அது காய்ச்சலா, இல்லையா?

செப்டம்பர் 21

கிளியூர் சாந்தாமேரி அக்கா கூப்பிட்டார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவர், முதல் வருடத்திலிருந்தே அளப்பவர். பின்னால் தையல் மிஷின் ஓடவில்லை. அப்போதே தெரிந்தது, சும்மா கூப்பிடவில்லை.

“மலரு, 2019 ஆகஸ்டுல எனக்கு வரிசையாப் பத்தொம்பது சைபரு போட்டிருக்குது.”

“அது... தளம் மாத்துனப்பங்க்கா...”

“நான் அப்ப அந்த ஊட்லயே இல்ல கண்ணு. ஊட்டுக்காரரோட சண்ட போட்டுக்கிட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டேன். பத்தொம்பது நாளும் அந்த மனுசன் மழ அளக்குற டியூப எட்டிப் பாக்கல. திரும்பி வந்தப்ப நெறஞ்சு வழிஞ்சு, கொசுப்புழுவோட கெடந்துச்சு. ஒரு நாள் அளந்து அனுப்பியிருந்தாக்கூட நான் மொதல்லயே வந்திருப்பேன்.”

சிரித்தார். நானும் சிரிப்பதா என்று தெரியவில்லை.

“இப்ப இதப் பாத்தா, தெனம் எந்திரிச்சு வந்து நின்னு, பாத்து, ஒண்ணுமில்லைன்னு நான் எழுதுன மாதிரி இருக்குது. நான் போனதுக்கு அந்தக் காலிக் கட்டம் ஒண்ணுதாங் கண்ணு சாட்சி. அதையும் அழிச்சுப்போட்டியே.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

“சரி பண்ணிடுறேங்க்கா.”

“எப்புடி?”

“தெரியலீங்க்கா.”

“தெரியலைன்னா எல்லார்த்தையும் கேளு. வாயில என்ன கொழுக்கட்டையா?”

செப்டம்பர் 22

சொல்லிவிட்டேன். குரூப்பில், நீளமாக, மூன்று தடவை அழித்து அழித்து எழுதி. ஒரு மணி நேரம் நீல டிக் மட்டும் ஒவ்வொன்றாக. பாப்பாவுக்குச் சோறு ஊட்டினேனா, போனுக்கு ஊட்டினேனா?

பிறகு சின்னராஜ் அண்ணன்: “அப்ப மழ என்ற ஜீப்புல ஏறலையா? போச்சு போங்க. ட்ரிப் நோட்டுல தேதி தேதியா எழுதியிருக்குறேன், அளக்காத நாளுக்குக் கோடு. வந்து எடுத்துக்கங்க. டீசல் கறைய நக்கிப் பாக்காதீங்க.”

சாந்தாக்கா மழை குறித்து வைத்த சர்ச் காலண்டர் ஏழையும் படம் பிடித்து அனுப்பினார். ஆகஸ்ட் பக்கத்தில் பத்தொன்பது வெள்ளைக் கட்டம்.

இரண்டு பேர் குரூப்பை விட்டுப் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 26

நோட்டு, காலண்டர் பார்த்து ஆறு இடம் சரிசெய்து முடிந்தது. மூன்று பேரிடம் எந்தக் குறிப்பும் இல்லை. அவர்களுடைய 0 எல்லாவற்றையும் ‘தெரியாது’ என்று மாற்ற வேண்டியதுதான். வலிக்கிறது. நிஜமாகவே மழையில்லாத நாளும் அதில் சேர்ந்து போகும்.

சுதாராணிக்கு உண்மையை எழுதினேன். முடிந்த ஆறு போதும் என்கிறாள். நல்ல பெண். அல்லது அவசரம்.

செப்டம்பர் 29

என் மழை நோட்டை எடுத்தேன். வெள்ளக்கடைப் பத்தி. ஏழு வருடத்தில் ஒரு கோடுகூட இல்லை. அளக்காத நாள் எதுங்க என்று ஊரையெல்லாம் கேட்டவள் — எனக்கு மட்டும் ஒன்றுமே இல்லையா?

2021 அக்டோபர் 14: 12 மி.மீ. பாப்பா பிறந்த நாள்.

அன்று எட்டரைக்கு நான் சேலத்தில், பிரசவ அறையில். பாப்பா பிறந்தது ஒன்பது பத்துக்கு. என் வீட்டுக்காரரிடம் பிறகு கேட்டேன், பன்னிரண்டு என்றார். அப்படியென்றால் முதல் பஸ்ஸில் மேலே போய் அளந்துவிட்டு வந்திருக்கிறார். பாப்பா அழுதபோது வெளியே இவர் இல்லை. அளக்கச் சொல்லி நச்சரித்தவள் நானேதான். ஆனாலும் போயிருக்க வேண்டாம். மூன்று வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை, இந்த நோட்டிடம்கூட.

இன்றைக்கு அவரிடம் கேட்டே விட்டேன். எஸ்டேட்டில் ரைட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தை மடியில் வைத்திருப்பார்.

“ஏனுங்க, பாப்பா பொறந்தன்னைக்குப் பன்னெண்டுன்னு சொன்னீங்களே. அளந்தீங்களா?”

“இப்ப எதுக்கு அது?”

“சொல்லுங்க.”

புத்தகத்தை மூடினார். “இல்ல.”

“பின்ன?”

“கண்ண முழிச்சதும் புள்ள எப்படீன்னு கேக்கல நீ. மழ எவ்ளோன்னு கேட்ட. அளக்கலைன்னா அழுவே. வாயில வந்தத சொன்னேன்.”

“அப்ப நீங்க மேல வரவே இல்லியா?”

“எங்க வர்றது? மொத நாள் சாயங்காலம் புடிச்சு அந்தக் கதவுகிட்டயேதான் நின்னேன். வாட்ச்மேன் ரெண்டு தடவ தொரத்துனான். பாப்பா அழுத சத்தம் எனக்குத்தான் மொதல்ல கேட்டுச்சு.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கக்கூடத் தோன்றவில்லை, அவர்தான் எழுந்து போனார்.

செப்டம்பர் 30

காலை எட்டரை, வெள்ளக்கடை: 0. நானே குனிந்து பார்த்த 0. பாப்பாவும் பார்த்தாள்.

2021 அக்டோபர் 14-ல் இருந்த 12-ஐ அழித்தேன். கட்டத்தைக் காலியாக விடலாமா என்று தளம் கேட்டது. இப்போதெல்லாம் கேட்கும்படி மாற்றி வைத்திருக்கிறேன். பக்கத்தில் காரணம் எழுத ஓர் இடம் உண்டு.

எழுதினேன்: அளக்க வீட்டில் ஆள் இல்லை. மூன்று பேரும் சேலத்தில் இருந்தோம்.