நீல மருந்தும் போஞ்சிக் கொடியும்

இரத்தோட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மர்வாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் வாப்பாவும் சுகம், நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த செம்பி சுகம், அதன் கன்றும் சுகம். ஆமாம் மகள், கன்றுதான், நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு கிடேரிக் கன்று. சந்தோசத்தில் எனக்கு எழுத்துக்கூட நேராக வரவில்லை. நீயும் அங்கே இதே சுகத்தோடு இருக்கத் துஆச் செய்கிறேன். லீவில் வந்த நப்லான் நாளைக்கு நீ இருக்கிற கட்டாருக்குத் திரும்புகிறான், மாசிக் கருவாட்டுத் தூளோடு இதையும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். போனில் சொன்னால் வாப்பா பக்கத்தில் நின்று பாதிக் கதையை மாற்றிவிடுவார், அதற்காகத்தான் கடிதம்.

போன மாதம் ஒரு காலையில் பார்த்தால் செம்பி கொட்டிலில் சாய்ந்து கிடக்கிறது. வயிற்றில் கன்றோடு மூச்சு வாங்குகிறது, வாயில் நுரை, பல்லைச் சுற்றின முரசெல்லாம் நிறம் மாறி மண்ணிறம். முதல் நாள்தான் அது கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கமலாட்சி அக்காவின் பந்தலில் காய்த்த போஞ்சியை மேய்ந்திருந்தது, அவவும் வழக்கம்போல ஏசிவிட்டு, இனி இந்த மாடு வந்துச்சுன்னா உசிரோட திரும்பாது என்று சொல்லியிருந்தா. அது வாய்ப்பேச்சு என்று நமக்குத் தெரியாதா. ஆனால் வாப்பாவுக்குக் கோபத்தில் கண் தெரியவில்லை. வேலியில் போய் நின்று, நீங்கதான் என்னத்தையோ வச்சிட்டீங்க என்று ஊர் கேட்கக் கத்தினார். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதலில் போவது அந்தக் குசினிக்குத்தானே மகள், அங்கே தின்ற ரொட்டி எத்தனை. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டா.

மாட்டு டொக்டர் புதிதாக வந்திருக்கிறா, சிவதர்ஷினி என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வந்ததும் இரத்தம் எடுத்தா. சிவப்பே இல்லை மகள், கடும் கோப்பி மாதிரி இருந்தது. நேற்றிலயிருந்து மாடு என்ன திண்டது, எந்தத் தண்ணி குடிச்சது எண்டு வடிவாச் சொல்லுங்கோ என்று கேட்டா. தொட்டியைக் காட்டினேன். அதற்குள் மூன்று வெள்ளைச் சாக்கு ஊறிக்கொண்டிருந்தது. உன் வாப்பாவின் வேலை. லொறியில் கல் ஏற்றப் போகிற இடத்தில் எறிந்து கிடந்ததாம், கழுவினால் மிளகு கட்டலாம் என்று கொண்டு வந்து மாடு குடிக்கிற தொட்டியிலேயே ஊறப் போட்டிருக்கிறார். சும்மா கிடைத்தால் அவர் எதைத்தான் விட்டார். டொக்டர் ஒரு சாக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, இது கல்லுக்கு வெடி வைக்கிற உப்பு வாற சாக்கு, மாடு உப்புருசிக்குக் குடிக்கும், குடிச்சா இரத்தத்தால மூச்சைக் கொண்டுபோக ஏலாது என்று சொன்னா. வாப்பா மற்ற இரண்டு சாக்கையும் தொட்டியிலிருந்து இழுத்து வெளியே போட்டார்.

மருந்து மை போல நீலம். கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும், மாடு அசையக்கூடாது. வாப்பா பிடித்தால் அது தலையை உதறுகிறது. அப்போது வேலி இடுக்கால் கமலாட்சி அக்கா வந்தா, யாரையும் பார்க்காமல் செம்பியின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டா. கொஞ்ச நேரத்தில் முரசு சிவந்தது, மாடு எழும்பியது, எழும்பின கையோடு வாப்பாவின் வெள்ளைச் சாரனில் பச்சையும் நீலமுமாக மூத்திரம் பெய்தது. நானும் டொக்டரும் சிரித்துவிட்டோம். அக்கா சிரிக்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டா.

கன்று தங்குமோ தெரியாது, தாயின் இரத்தம் கெட்டால் நாள் கழித்தும் வயிற்றுக் கன்று விழுந்துபோகும் என்று டொக்டர் சொல்லியிருந்தா. அந்தப் பயம் ஒரு பக்கம், அக்காவின் மௌனம் மறுபக்கம். வாப்பா போய் மன்னிப்புக் கேட்டார். அவ சரி என்றா, அவ்வளவுதான். அவவின் ஏச்சைத் தாங்கலாம் மகள், அந்தச் சரியைத் தாங்க முடியவில்லை. வாப்பா அந்தத் தொட்டியை நாளுக்கு இரண்டு தரம் தேய்த்துக் கழுவுகிறார்.

செவ்வாய்க்கிழமை கன்று பிறந்தது. இன்று காலை செம்பி மறுபடியும் கயிற்றை அறுத்துவிட்டது. போஞ்சிக் கொடி பந்தலோடு போச்சு. நான் பயந்து ஓடினால், அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இந்தா புஹாரி தம்பி, ஒங்க மாட்டுக்கு என் போஞ்சிதான் பெருநாள் சாப்பாடா என்று தொடங்கினா பார், வாப்பாவின் கஞ்சத்தனம், என் பிரியாணி, அந்த நாசமாப்போன சாக்கு, ஒன்றையும் விடவில்லை. வாப்பா வேலியோரம் தலையைக் குனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். கடைசியில் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, கன்னு போட்டத மர்வாவுக்குச் சொன்னீங்களா இல்லையா என்று கேட்டா.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, எதில் முன்னால் என்ன இருந்தது என்று தெரியாமல் ஒரு சாமானையும் பாவிக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல நசீபும் தருவானாக. இதைப் படித்ததும் எங்களுக்குப் போன் எடுக்காதே, முதலில் கமலாட்சி அக்காவுக்கு எடு. ஏசுவா. இடையில் பேசாமல் முழுவதையும் கேள்.

துஆவுடன்,
உன் உம்மா,
ஸுலைஹா புஹாரி.