கச்சான் கொடுக்காத விமானம்

"பயணி ஒருவருக்கு நிலக்கடலை ஒவ்வாது. அதனால் இன்று கச்சான், கஜு எதுவும் தரமாட்டோம்" என்று நேற்று விமானத்தில் அறிவித்தார்கள். சட்டென்று எழும்பி உன்னைத் தேடினேன். நீ புற்றுநோயில் போய்விட்டாய் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

குருநகர்க் கோயில் பெருநாளில் ஒரு துண்டு கச்சான் அல்வா தின்று உன் முகம் வீங்கியபோது பக்கத்தில் நின்றவள் நான். உன் அம்மா, யாரோ கண் வைத்த நாவூறு என்றார். டொக்டரோ, "இனி வாயிலை வைச்சால் உயிர் போகும்" என்று சொல்லிக் குளிசை தந்தார். நீ இருவரையும் நம்பினாய்.

எண்பதுகளின் நடுவில் இருவரும் சேர்ந்து ஜெர்மனிக்குப் புறப்பட்டோம். உனக்கு அங்கே கலியாணம்; எனக்கு அங்கே அண்ணை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பாண் ரொட்டியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று பேசிக்கொண்டோம். விமானம் எழும்பியதும் எல்லோருக்கும் கச்சான் பக்கெற் கொடுத்தார்கள். நான் பணிப்பெண்ணிடம் "ப்ளீஸ், நட்ஸ்..." என்று தொடங்கி, அடுத்த சொல் வராமல் உன்னைக் காட்டினேன். அவள் சிரித்தபடி உனக்கு இன்னும் இரண்டு பக்கெற் தந்தாள்!

சுற்றிலும் பக்கெற்றுகளை உடைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உன் உதடு தடித்தது.

"மூச்சு இழுக்குதடி."

"நீ ஏதும் திண்டனியோ?"

"இல்லையடி. ஒண்டும் திண்ணேல்லை. உந்தச் சாப்பாட்டுப் பலகையிலைதான் கை வைச்சனான்."

குளிசையை விழுங்கக் கொடுத்தேன். நான் அழுததைப் பார்த்து, பின்னாலிருந்த சிங்கள அம்மா ஒருவர் எழும்பி வந்தார். என் சைகையில் எப்படியோ விளங்கிக்கொண்டு பணிப்பெண்ணை அழைத்து ஆங்கிலத்தில் சொன்னார். பணிப்பெண்கள் ஓடிவந்து மூச்சுக்குக் காற்று வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் இருந்த பக்கெற்றுகளையெல்லாம் வாங்கிப் பையில் போட்டுக் கட்டினார்கள். மெல்ல மெல்ல உன் மூச்சு சீரானது. என் கையை மட்டும் நீ விடவேயில்லை.

இறங்கும்போது கேட்டாய்: "பலகையிலை ஏதும் ஒட்டியிருந்ததோ, இல்லாட்டி பயத்திலை வந்ததோ?" எனக்குத் தெரியவில்லை. பிறகு நீ எத்தனையோ தரம் அதையே கேட்டாய். அங்குள்ள டொக்டர்மாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசிவரை நமக்கு விளங்கவில்லை.

எனக்குக் கச்சான் ஒவ்வும். ஆனாலும் விமானத்தில் ஏறினால், முன்னாலிருக்கும் பலகையை ஈரத்துணியால் துடைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. பக்கத்து இருக்கையின் பலகையையும் துடைக்கிறேன். "ஏனம்மா அதையும் துடைக்கிறியள்?" என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்ல, நீயே சொல்லு.