தனித் தட்டு

மார்ச் 2, ஞாயிறு. விழுப்புரம்

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் சவுரிராயன் யாரையும் எழுந்து போக விடவில்லை. "நம்ம சகோதரி ஒருத்தங்க வீட்டு விஷயத்த ஸ்டேஷனுக்கு எடுத்துக்கினு போயிட்டாங்க. விசுவாசி மேல விசுவாசி வழக்குக்குப் போகக் கூடாதுன்னு பவுல் எழுதியிருக்காரு" என்றார். புகாரைத் திரும்ப வாங்கும்வரை அந்தச் சகோதரிக்குத் திருவிருந்து கிடையாது. சபையார் யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பெயர் சொல்லாவிட்டால் என்ன? இடது கையில் மாவுக்கட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் தங்கை எப்சிபா ஒருத்திதான். கையை முறுக்கி உடைத்தவன் அவள் புருஷன் மணிமாறன். திண்டிவனம் கிளைச் சபையில் கிட்டார் வாசித்துப் பாட்டு நடத்துகிறவன். அங்கே மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

மத்தியானம் அவள் சாப்பிட உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் தன் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

மார்ச் 3

முதலில் இவர் சாப்பிடுகிறார். அப்புறம் அவள். நான் அடுப்படியில் நின்றபடி, யாரோடும் இல்லாமல்.

மார்ச் 8, சனி

கேட்டேவிட்டேன். என் தங்கையைத் தள்ளி வைக்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது என்று.

"வெளிய போன்னு சொன்னனா? சோறு போடாதன்னு சொன்னனா? கூட உக்காந்து சாப்பிடாதன்னு வசனம் சொல்லுது, செய்யறேன். அவ்ளோதான். இதுல மனசு எங்க வந்துது?"

இவர் வெளியே போனதும் எப்சிபா உள்ளிருந்து வந்தாள். "ஏன்க்கா, டீக்கடையில தனி கிளாஸ் வெச்சாங்கன்னுதான நம்ம தாத்தா வேதத்துக்கு வந்தாரு? இப்ப சபையே எனக்குத் தனித் தட்டு வெச்சிருக்குது. என்னா ஒண்ணு, இது எவர்சில்வரு."

அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

பாஸ்டர் மணிமாறனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் கையில் ஸ்வீட் பாக்ஸ். எப்சிபா சமையலறையை விட்டு வரவேயில்லை. அவன் பாஸ்டரின் காலடியில் உட்கார்ந்து அழுதான். "நான் பாவிங்கய்யா. பிசாசு என்னக் கெடுத்துட்டான்." பாஸ்டர் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார். இவருக்கும் கண் கலங்கிவிட்டது. "பிரதர் கோதண்டபாணி, ஒரு குடும்பத்தக் கட்டுறது உங்க கையிலதான் இருக்கு" என்று பாஸ்டர் சொன்னதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கிளம்பும்போது வாசலில் நானும் மணிமாறனும் மட்டும். செருப்பை மாட்டியபடி மெதுவாகக் கேட்டான்.

"எங்க படுக்கறா அக்கா? பின்னாடி ரூம்லயா?"

நான் நிலைப்படியை மறித்து நின்றேன்.

"அந்த ஜன்னல் கொக்கி நிக்கலன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே. சரி பண்ணிட்டீங்களா?"

கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. வாய் சிரித்தது.

மார்ச் 13

புதுக் கொக்கி போட்டாயிற்று. "இப்ப எதுக்கு இது?" என்றார் இவர். கொசு வருகிறது என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதின நிருபத்தை எடுத்து, கூட உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்கிற அந்த அதிகாரம் முழுவதும் படித்தேன். இத்தனை வருஷமாகப் படித்ததுதான். யாரோடு சாப்பிடக் கூடாது என்று ஒரு வரிசையே இருக்கிறது. குடிவெறியன் இருக்கிறான். வாயால் மனுஷரைக் கிழிக்கிறவன் இருக்கிறான், மணிமாறனைப் போல. அடி வாங்கிப் புகார் கொடுத்தவளைக் காணவில்லை. மறுபடி தேடினேன். இல்லை.

இவர் வந்ததும் காட்டினேன். படித்தார். மூடினார்.

"அவன் மனந்திரும்பிட்டான். பாஸ்டர் முன்னாடி அழுதான், பாத்த இல்ல? உன் தங்கச்சி எங்க அழுதா?"

"அவ அழுதா, நீங்க முன்ரூம்ல இருந்தீங்க."

"டிகிரி படிச்ச திமிருல வேதத்தத் தொறக்காத."

இவர் கெட்டவர் இல்லை. ஞானஸ்நானம் எடுத்த அன்றே பீடி, சாராயம் இரண்டையும் விட்டவர், பிறகு தொட்டதில்லை. வசனம்தான் தூக்கி நிறுத்தியது. ஒரு வசனத்தைத் தளர்த்தினால் பழைய ஆளாகிவிடுவோம் என்ற பயம் இவருக்குள் இருக்கிறது. பிறந்ததிலிருந்து கிறிஸ்தவளான எனக்கு அந்தப் பயம் இல்லை. பின்னே எனக்கு எதற்குப் பயம்? இவ்வளவு படித்துவிட்டு ராத்திரி என்ன செய்தேன்? அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

எப்சிபா கேப்பைக் களி கிண்டினாள். கட்டுப் பிரித்த கை இன்னும் சூம்பித்தான் இருக்கிறது. கிண்டி முடித்துவிட்டுத் தட்டை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியலக்கா. அவன் அடிச்ச அன்னிக்குக்கூட ஒண்ணா உக்காந்துதான் சாப்ட்டோம். இங்க யாரும் அடிக்கல, ஆனா நான் சாப்புடறத யாரும் பாக்கக்கூட மாட்டேன்றீங்க."

மாட்டேன்றீங்க. அதில் நானும் இருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

இன்று அவளோடு உட்கார்ந்துவிடுவது என்று பள்ளிக்கூடத்திலேயே முடிவு செய்தேன். கடைசி வகுப்பில் பாடம் நடத்தவே ஓடவில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று சட்னிக்கு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்கிக்கொண்டு வந்தேன்.

பின்னறையில் அவள் பை இல்லை.

"பாஸ்டர் காரு வந்துது. ஸ்டேஷன் போய் சமாதானம்னு எழுதிக் குடுத்துட்டா. அப்பிடியே அவ புருஷன் வீட்டுல வுட்டுட்டாரு. ஸ்தோத்திரம்" என்றார் இவர். எனக்குப் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் முந்தி உட்கார்ந்திருக்கக் கூடாதா நான்?

ஏப்ரல் 5

எப்போது கூப்பிட்டாலும் மணிமாறன்தான் எடுக்கிறான். "குளிக்கறா அக்கா." "தூங்கறா அக்கா."

ஏப்ரல் 11

"சாப்ட்டுக்கினு இருக்கா அக்கா. நான்தான் ஊட்டி வுடறேன்" என்று சிரித்தான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. டிவிகூட ஓடவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு சபைக்கும் திண்டிவனத்தில் ஒன்றாக விருந்து. எப்சிபாவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதாகப் பாஸ்டர் அறிவித்தார். கை தட்டினார்கள். இலை போட்டுப் பிரியாணி பரிமாறினார்கள். எனக்கு எதிர்வரிசையில் எப்சிபா. வலது கை முந்தானைக்குள் இருந்தது. பக்கத்தில் மணிமாறன் பிசைந்து பிசைந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். "பாரேன், புதுசா கல்யாணம் ஆனவங்க தோத்தாங்க" என்றாள் ஒரு சகோதரி. சுற்றிலும் சிரிப்பு. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். என்னை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எழுந்து போய் முந்தானையை விலக்கினேன். நாலு விரலும் கறுத்து வீங்கி, மடக்க முடியாமல்.

"கதவுல நசுங்கிடுச்சி" என்றான் அவன். நான் கேட்கவே இல்லை.

"எந்திரி எப்சிபா" என்றேன்.

"சாப்ட்டுப் போவட்டும் அக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"உன்கூட உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு எழுதியிருக்கு. பாஸ்டரைக் கேளு."

பாஸ்டர் இலையைப் பார்த்தார். இவர் "உக்காரு, மானம் போவுது" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எப்சிபா எழுந்தாள். இரண்டு பேரும் வாசலைத் தாண்டினோம்.

ஆட்டோ பிடித்து நேராக ஸ்டேஷன். "போன மாசம்தான வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க?" என்றார் அந்தப் பெண் காவலர். எப்சிபாவால் பேனா பிடிக்க முடியவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவள் இடது கைப் பெருவிரலை வைத்தாள். பார்த்த சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு. விழுப்புரம்

நாங்கள் இரண்டு பேரும் கோவிலுக்குப் போகவில்லை. இந்த முறை தடை எங்கள் இரண்டு பேருக்கும் என்பது, போன இவர் திரும்பி வந்த முகத்திலேயே தெரிந்தது. தன் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். கதவையும் சாத்திக்கொண்டார்.

சமையலறையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஊட்டிவிடட்டுமா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தேன். பாதி சோறு பாயில் சிந்தியது. நிதானமாகச் சாப்பிட்டாள்.

நேற்றிலிருந்து தெருமுனையில் அவன் பைக் நிற்கிறது. ஸ்டேஷனுக்குச் சொல்லியிருக்கிறேன். பின்னறை ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தேன். நிற்கிறது.