சின்ன கரண்ட்டு

அக்டோபர் 6, 2025

இன்றும் ஏணி ஏறவில்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு ஆம்பூர் ஷூ கம்பெனியில் சேர்ந்தவள் நான். செய்கிற வேலை, பெரிய எலக்ட்ரீஷியன் லியாகத் அலி பாய்க்கு டார்ச் அடிப்பது. ஒயரைத் தொடப்போனால், "மேடம், நீங்க ஒக்காருங்க. ஏதாச்சும் ஆச்சின்னா உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்கிறார்.

இங்கே எல்லாருக்கும் வேலைதான் பேர். தோல் வெட்டும் சுப்பராயன் கட்டிங் அண்ணன். தைக்கிற குர்ஷித் ஸ்டிச்சிங் அக்கா. பாய், கரண்ட் பாய். நான் மட்டும் மேடம். மரியாதையாம். மூலையில் உட்கார வைக்க நல்ல பேர்.

அக்டோபர் 8

புது மெஷின் மாட்ட இங்கிலாந்திலிருந்து ஆலன் வந்திருக்கிறார். வந்ததும் பாயை "ஸ்பார்க்கி" என்று கூப்பிட்டார். பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னாமா இது, நாய்க்குட்டிக்கு வெக்கிற பேரு?"

ஆலனிடமே கேட்டேன். அவர் ஊரில் எலக்ட்ரீஷியனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். தச்சர் சிப்பி, கொத்தனார் பிரிக்கி. ஆஸ்திரேலியாவில் தபால்காரர் போஸ்டி, குப்பை வண்டிக்காரர் கார்போ. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊரையே தொட்டிலில் போட்டுக் கொஞ்சுகிறார்கள்.

மேனேஜருக்கு என்ன பேர் என்றேன். அதெல்லாம் கிடையாதாம், கை அழுக்கானால்தான் பேராம்.

என் கையைப் பார்த்தேன். மருதாணிகூட அழியவில்லை.

அக்டோபர் 9

கேன்டீனில் சொல்லித் தொலைத்தேன். மதியத்துக்குள் கம்பெனி முழுக்க 'ஸ்பார்க்கி பாய்'. அந்தப் பேரோடு மரியாதை எல்லாம் சேர்க்க மாட்டார்கள் என்று ஆலன் சொல்லிப் பார்த்தார். "அவங்க ஊர்ல சேக்காட்டி போவட்டும். பெரியவர மொட்டையா கூப்புட முடியுமா?" என்றார் குர்ஷித் அக்கா. பாய் முறைத்தார். ஆனால் கூப்பிட்டால் திரும்பவும் செய்தார்!

அக்டோபர் 10

பேஜார். புது மெஷின் ஓடி ஓடி நின்றுவிடுகிறது. மெஷினில் குறை இல்லை, கரண்ட் வரும் வழியைப் பாருங்கள் என்கிறார் ஆலன். கூரைக்குக் கீழே இருக்கிற ஜங்ஷன் பாக்ஸாகத்தான் இருக்கும். பாய்க்கு முட்டி வலி. ரெண்டு படி ஏறிவிட்டு இறங்கிவிட்டார். நாளைக்கு வெளியிலிருந்து ஆள் கூப்பிடப் போகிறார்களாம்.

அப்போ நான் எதுக்கு இருக்கேன்? பொம்மையா? நாளைக்கு ஏறலன்னா இந்த வேலையே எனக்கு வேணாம்.

அக்டோபர் 11

ஏறிட்டேன்.

மெயினை ஆஃப் செய்து பூட்டி, சாவியை இடுப்பில் செருகினேன். பாயின் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் உட்காரச் சொல்வார். "மேடம், எறங்குங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். பாதி ஏறியதும் ஏணி ஆடுவது நின்றது. குனிந்து பார்த்தால் பாய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பாக்ஸுக்குள் ஒரு ஒயர் கருகிக் கிடந்தது. வெட்டிவிட்டுப் புதுசு போட்டேன். இறங்கி வந்து மெயினைப் போட்டதும் மெஷின் ஓடியது. சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் நிற்கவே இல்லை.

பாய் ஆலனைக் கூப்பிட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நான் கரண்ட்டு." பிறகு என்னைக் காட்டினார். "இது சின்ன கரண்ட்டு." ஆலனுக்குப் புரிந்ததோ என்னவோ, கை தட்டினார். எனக்கு அழுகை வந்துடுச்சி. அவ்வளவு சந்தோஷம். கையெல்லாம் கரி, சோப்பு போட மனசே வரவில்லை.

அக்டோபர் 13

காலையில் பேரணாம்பட்டில் எங்கள் தெருமுனையிலிருந்து கம்பெனி வேன் டிரைவர் குரல்: "சின்ன கரண்ட்டு, டைமாச்சி!" தெருவே எட்டிப் பார்த்தது. அம்மாவுக்குக் கோபம். "முத்துமாரின்னு சாமி பேரு வெச்சிருக்கேன், இன்னாடி இது?"

சாயங்காலம் மிக்ஸி ஓடவில்லை. கடையில் கொடுக்கலாம் என்றார் அப்பா. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

"கடைக்கு எதுக்கு? வூட்லயே சின்ன கரண்ட்டு இருக்குதில்ல."