பாசி மூடிய சாமிக்கு ஓர் அகப்பைத் தண்ணீர்

மச்சான்,

இன்று பால்கனிச் சுவரில் பாசி தேய்த்தேன். டீட்டிகோனில் இந்த வருடம் வெயிலையே காணவில்லை. கட்டடத்தைப் பார்ப்பவர் கடிதம் போட்டுவிட்டார், மனைவி பிரஷ்ஷைக் கையில் தந்துவிட்டாள். தண்ணீர் பட்டதும் அந்த ஈர மணம் மூக்கில் ஏறியது. அதற்குமேல் கை ஓடவில்லை. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்து இதை எழுதுகிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது, எனக்குத் துணிவு வரவில்லை.

சூரிச்சில் அந்த ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் நீயும் நானும் பதினொரு வருடம் கோப்பை கழுவினோம். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் மூன்று மணி நேர ஓய்வு. வீட்டுக்குப் போய்வரக் காணாது, சும்மா இருக்கவோ கூடிப்போன நேரம். ட்ராம் தரிப்பிடத்து வாங்கில் இருப்போம். ஒருநாள் சமையற்காரரும் வந்து பக்கத்தில் இருந்து, அரைகுறை ஜெர்மனில் தன் ஊர் ஓசாக்காவைப் பற்றிச் சொன்னார். அங்கே பெரிய பெரிய கட்டடங்களுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நடுவில் கல் பாவிய ஓர் ஒடுங்கிய ஒழுங்கை, அதற்குள் ஒரு பழைய கோயில். வருகிறவர்கள் எல்லோரும் கல்லுச் சாமியின்மேல் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, முகம்கூடத் தெரியாமல் பாசி மூடிவிட்டதாம். பக்கத்துக் கடைச் சமையற்காரர்கள் ஏப்ரனோடு வந்து ஊற்றிவிட்டுப் போவார்களாம்.

அந்த ஏப்ரன்தான் உன்னைப் பிடித்தது. ஒருநாள் அங்கே போகவேண்டும் என்றாய்.

"மடு மாதா கோவிக்க மாட்டாவோ?" என்று, ஊர்க் கோயில் மாதாவை விடாமல் கும்பிடும் உன்னிடம் பகிடி விட்டேன்.

"அவ பெரிய மனசுக்காரி. நான் அங்க ஒண்டும் கேக்கப் போறேல்லையடா. இந்த எல்லையைத் தாண்டிப் போய் ஒரு அகப்பை ஊத்திப்போட்டு வரவேணும். அவ்வளவுதான்."

உன்னிடம் இருந்தது எஃப் அட்டை. இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம், நாட்டை விட்டு மட்டும் வெளிக்கிட முடியாது. மன்னாரில் உன் அம்மா செத்த அன்றும் நீ அந்த வாங்கில்தான் இருந்தாய். ஒவ்வொரு வருடமும் அட்டையைப் புதுப்பித்துத் தருவார்கள். "இன்னுமொரு வருசம் மறியல்," என்று சிறைத்தண்டனை நீண்டவன்போலச் சிரிப்பாய். சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள வெட்கமாக இருக்கும்.

பிறகு நீ போனில் நடக்கத் தொடங்கினாய். வீதிப் படங்களைப் பெருவிரலால் தள்ளித் தள்ளி, ரயில் நிலையத்திலிருந்து கோயில்வரை. "உந்த நண்டுக் கடையடியில இடப்பக்கம் திரும்பு. இனி நேர போ. அந்தப் பளபளக்கிற கட்டடத்துக்குப் பின்னால பார், கூரை தெரியுதோ?" கண்ணாடிச் சுவர்களுக்கும் விளம்பர விளக்குகளுக்கும் இடையில் கறுத்த ஓட்டுக் கூரையின் ஒரு நுனி தெரியும். "சுத்திவர இவ்வளவு நெருக்கியும் ஆள் அசையேல்லைப் பாத்தியோ," என்பாய். நூறு தடவையாவது என்னையும் அந்த வழியால் கூட்டிக்கொண்டு போயிருப்பாய்.

என் பிள்ளைகள் ஜப்பானியக் கார்ட்டூன் பைத்தியங்கள். மனைவி மலிவாக டிக்கெட் கண்டுபிடித்தாள். "லீவுக்கு எங்கயடா போறாய்?" என்று நீ கேட்டபோது, தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "பிரான்சுக்கு, லூர்து மாதாவிட்ட. மாமியின்ர நேர்த்திக்கடன்," என்றேன். உன் கோயிலை உனக்கு முதல் நான் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வாய் கூசியது.

"அப்ப எனக்கும் ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டுவா," என்றாய்.

ஓசாக்காவில் நான் ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. நண்டுக் கடை, இடப்பக்கம், பிறகு நேரே. சாமி நீ சொன்னபடியே பச்சைப்பசேல் என்று நின்றார். உனக்காக ஊற்றத்தான் அகப்பையை எடுத்தேன். சின்னவள் "அப்பா, படம்!" என்று கத்தினாள். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஊற்றினேன், உன் பெயரைச் சொல்ல மறந்துபோனேன். பெரிய வீதிக்கு வந்தபிறகுதான் நினைவு வந்தது. பிள்ளைகளுக்குப் பசி என்று திரும்பிப் போகாமல் விட்டேன்.

மாமி எப்போதோ லூர்திலிருந்து கொண்டுவந்த வெறும் போத்தல் ஒன்று வீட்டில் கிடந்தது. குசினிக் குழாயைத் திறந்து, பாத்திரம் கழுவும் தண்ணீரால் அதை நிரப்பினேன். அவர்களுக்கு மாமாவான உனக்கு முன்னால் ஜப்பான் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் பொய் பழக்கினேன். நீ அந்தப் போத்தலை இரண்டு கையாலும் வாங்கினாய்.

"எனக்காக மாதாவிட்டக் கேட்டனியோ?"

"ஓம், கேட்டனான்."

பிறகு உனக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ அந்தத் தண்ணீரை நெற்றியில் பூசுவாய், நான் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் ட்ராம் ஏறினேன். நீயோ, "இது பூசினா நோ குறையுதடா," என்பாய். அதைக் கேட்ட பிறகு எப்படி வாய் திறப்பது? கடைசிவரை எஃப் அட்டையோடு நீ போய்ச் சேர்ந்தாய். என்னைத் திட்டக்கூடிய ஒரே ஆளும் இல்லாமல் போனது.

போன ஞாயிறு ஊஸ்டரில் உன் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் நிறைந்திருந்தது. எல்லோருக்கும் முன்னால் அவள் சொன்னாள்: "அண்ணாவை நினைச்சு நாங்கள் எல்லாரும் ஜூலையில லூர்துக்குப் போறம். பஸ்ஸும் பிடிச்சாச்சு. நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போகவேணும், உங்களுக்குத்தானே இடம் தெரியும்."

என் மனைவி தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ லீவு கிடைக்காது என்று இழுத்தேன். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. அண்ணாவுக்குக் கொண்டந்த தண்ணியை எந்தக் குழாயில பிடிச்சனீங்கள் எண்டு காட்டுங்கோ. நாங்களும் அந்தக் குழாயிலதான் பிடிக்கவேணும்."

அவள் கண் நிறைந்திருந்தது, மச்சான். "ஓம் தங்கச்சி, காட்டுறன்," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.