ஒன்றே காலுக்கு எழுதிய இரண்டு மணி பிபி

என் பிலோவுக்கு, எங்கே இருந்தாலும் எல்லாருக்கும் முன்னால் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாயே, அந்த உனக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் முடியப்போகிறது. காலையில் மயிலாப்பூரில் ஏறி அடையாறு போகிற பஸ் சாந்தோமில் நிற்கும்போது, உனக்காகப் பக்கத்து சீட்டில் வைத்த பையை இன்னமும் மடிக்கு எடுத்துக்கொள்கிறேன். யாரோ ஒரு அம்மா வந்து உட்காருகிறார். பாவம், அவர் மேல் எரிச்சல்பட்டு என்ன ஆகப்போகிறது?

பதினாறு வருஷத்துக்கு முன்னால் நாம் இருவரும் ஒரே நாளில், ஒரே வார்டில் நர்ஸாகச் சேர்ந்தோம். ஆளுக்கு ஆறு பெட். ஏழு மணிக்கு நைட் டியூட்டி நர்ஸ் வார்டைக் கையில் கொடுத்ததும் நான் முதல் பெட்டுக்கு ஓடுவேன். அங்கே டிரிப் இறங்காது, தலையணை உறை மாற்றச் சொல்வார்கள், ஒரு மகன் ஸ்கேன் என்ன ஆச்சு என்பான். ஆறாவது பெட்டுக்குப் போய்ச் சேரும்போது எட்டு மணி மாத்திரை ஒன்பதரை மணி மாத்திரையாகியிருக்கும்.

நீ மருந்து டிராலியைத் தொடவே மாட்டாய். முதலில் வெறும் கையோடு ஆறு பெட்டையும் ஒரு சுற்று பார்ப்பாய். ஒவ்வொருவரிடமும் எத்தனை மணிக்குத் திரும்பி வருவாய் என்று சொல்லிவிட்டு வருவாய். நேரம் தெரிந்தவர்கள் சும்மா சும்மா மணி அடிக்க மாட்டார்கள். "இன்னாடி செல்வி, இப்புடி ஓடிக்கினு கீறே? நாம ஓடுனா பேஷண்டுக்கு பயம் வந்துரும்டி" என்பாய்.

செய்ய வேண்டியதையெல்லாம் பிளாஸ்திரித் துண்டில் எழுதி யூனிஃபார்மில் ஒட்டிக்கொள்வாயே! ஒரு நாள் அதைக் கிழிக்க மறந்து பஸ் ஏறிவிட்டோம். கண்டக்டர் குனிந்து "நாலு, எனிமா" என்று சத்தமாகப் படித்தார். அடையாறு பாலம் தாண்டும்வரை நமக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்படி வயிறு வலிக்க நான் சிரித்து எத்தனை நாளாகிறது தெரியுமா?

அந்தப் பத்து மணி பிபி விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்த புதிதில், நான் கழுத்துவரை வேலையில் மூழ்கியிருந்த ஒரு நாள், ஒன்பது மணிக்கே ஆறு பேருக்கும் பத்து மணி பிபியை அளக்காமல் எழுதிவைத்தேன். எட்டு மணிக்கு இருந்ததைப் பார்த்து இரண்டு கூட்டி, இரண்டு குறைத்து. நாலாம் பெட் தாத்தாவை ஒன்பதே முக்காலுக்கு ஸ்கேனுக்கு அழைத்துப்போய்விட்டார்கள், பதினொன்றுக்குத்தான் திரும்பினார். வார்டிலேயே இல்லாத ஆளுக்குப் பத்து மணிக்கு பிபி எடுத்தது யார் என்று இன்சார்ஜ் சிஸ்டர் சார்ட்டைத் தூக்கிக் காட்டினார். அவசரத்தில் நான் கையெழுத்துகூடப் போடவில்லை.

நீ கையைத் தூக்கினாய். "நான்தான் சிஸ்டர். இவளுக்கு ஒத்தாசையா எழுதுனேன்." தினமும் உன் வேலையை முடித்துவிட்டு என் பெட்டையும் பாதி பார்ப்பவள் நீ. எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

மாடிப்படியில் நான் அழுதபோது நீ என்ன சொன்னாய்? "உங்கப்பா படுத்துக்கினு கீறாரு. உன்ன அனுப்சிட்டா இன்னா பண்ணுவ? எனக்கு எங்க நைனா கீறாரு, மீன் புடிக்கிற போட்டு கீது. இனிமே அளக்காம எழுதுன, கைய ஒடச்சிருவேன்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் உன் ஃபைலில் அது முடியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் இன்சார்ஜ் பதவி வந்தபோது என் பெயர்தான் வந்தது. நீ சிரித்துக்கொண்டே எனக்கு சல்யூட் வைத்தாய். ஏன் உனக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும் பிலோ. தெரியாதவள் மாதிரி இருந்தேன்.

இப்போது தரமணியிலிருந்து வரும் திவ்யா என்று ஒரு புதுப்பெண் என் வார்டில் சேர்ந்திருக்கிறாள். நேற்று ஒன்றே காலுக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், அவள் சார்ட்டில் இரண்டு மணி பிபியைப் படித்தார். தனியாகக் கூப்பிட்டு ஏன்டி இப்படிச் செய்தாய் என்றேன். "இரண்டு மணிக்குள்ள வேலை முடிக்காதவங்க பேரைச் சிவப்புல எழுதி போர்டு வச்சீங்களே சிஸ்டர். போன வாரம் நாலு நாள் என் பேருதான் இருந்துச்சு. பேஷண்ட் வீட்டு ஆளுங்ககூடப் படிச்சிட்டுப் போறாங்க."

அந்த போர்டை நான்தான் வைத்தேன், பெருமையாக. உன்னிடமிருந்து நேரத்தை மட்டும் கற்றுக்கொண்டேன் போலிருக்கிறது. போர்டை உடனே துடைத்துவிட்டேன், அது சுலபம்.

சாயங்காலம் சூப்பரின்டெண்ட் கூப்பிட்டார். நம் பழைய இன்சார்ஜ் சிஸ்டர்தான். "இந்தப் பொண்ணை அனுப்பிடலாம் செல்வி. உன் ஃப்ரெண்ட் பிலோமினாவும் இதைத்தானே செஞ்சா? மன்னிச்சு வச்சிருந்தோம். ஆனா பொய் எழுதினவளை நம்பி ஒரு வார்டைக் கொடுக்க முடிஞ்சுதா? நாளன்னைக்குக் காலையில உன் அபிப்பிராயத்தை எழுதிக் கொடு" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். கோபம் கொதித்தது. யார் மேல் என்று எனக்குத்தான் தெரியும்.

இன்று காலை திவ்யாவை வெறும் கையோடு ஆறு பெட்டுக்கும் அழைத்துப்போனேன். இரண்டே காலுக்கு முடித்தாள். கால் மணி தாமதம்தான், ஆனால் சார்ட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணும் அவள் அளந்தது.

டியூட்டி முடிந்து எங்கள் நர்ஸ் அறையில் உட்கார்ந்து, அவர் கேட்ட அபிப்பிராயத்தை இப்போதுதான் எழுதி முடித்தேன். முதல் வரி இது: "பதினாறு வருஷத்துக்கு முன் நான்காம் பெட்டின் பிபியை அளக்காமல் எழுதியவள் பிலோமினா அல்ல, நான்." திவ்யாவை வைத்துக்கொள்ளுங்கள் என்பது அடுத்த வரி. என் பதவியை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.

நாளை இதை என் கையால் கொடுப்பேன். கொடுத்த கையோடு சாந்தோமுக்கு வந்து உன் அம்மாவிடமும் சொல்வேன். ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்டு, தன் மகள் பொய் எழுதியவள் என்று அவர் இத்தனை வருஷம் நம்பியிருக்கிறார். இனி ஒரு நாள்கூட அப்படி நம்பக் கூடாது. இது சத்தியம், பிலோ.

இப்போது உன்னைவிட வயதில் மூத்துவிட்ட உன் தங்கச்சி,
செல்வி