பபூனுக்கு எழுதிய பேச்சு

1913, ஆவணி 9

காலையில் குறுக்குத்துறையில் குளிக்கும்போது இரண்டு ஜவுளிக்கடைக்காரர்கள், நேற்றைய நாடகத்தில் பபூன் எமனைச் செருப்புக்குக் காவல் வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போகும் கட்டத்தைப் பேசிக்காட்டிச் சிரித்தார்கள்.

"தோணுததை அங்கனையே சொல்லுதான் வே. என்ன மூளை!" என்றார் ஒருவர்.

ஊர் அப்படி நம்ப வேண்டும் என்பது எங்கள் கம்பெனி முதலாளியின் கட்டளை. பபூன் பேச்சை மட்டும் நாடக நோட்டில் ஏற்றமாட்டார். நான் தனித்தாளில் எழுதி, அவனுக்கு மனப்பாடம் ஆனதும் அடுப்பில் போட்டுவிட வேண்டும். பதினொரு வருஷமாகப் போடுகிறேன்.

இன்று பொறுக்கவில்லை. "அதை எழுதினது நாந்தான் அண்ணாச்சி" என்றேன்.

இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நீரு பபூனையே தூக்கிச் சாப்பிட்டிருவீரு போல வே!"

என் வாயால் நானே சொல்லி ஆட்கள் சிரித்தது இதுதான் முதல் தடவை.